கிம் கியோங் சூ: சிறைக்குப் போன கொரிய மாகாண ஆளுநரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தென் கொரியாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் தெற்கு கியோங்சாங் மாகாணத்துக்கு 2018 ஜூலை முதல் 2021 ஜூலை வரை ஆளுநராக இருந்தவர். அதற்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர், அதற்கும் முன்னால் அதிபர் ரோ மூ ஹ்யுனின் செயலாளர். ஆளுநர் பதவியில் இருக்கும்போதே தண்டனை வாங்கி உள்ளே போனார், ஜாமீனில் வந்தார், மறுபடியும் உள்ளே போனார், பதவி போனது, பொதுமன்னிப்பில் வெளியே வந்தார், வெளிநாடு போனார், திரும்பி வந்து 2025ல் அதிபர் வேட்பாளராகப் பார்த்தார், அதிலும் தோற்றார். தன்னைத் தோற்கடித்தவர் அதிபரானதும் அவரிடமே பொறுப்பு வாங்கிக்கொண்டார். சுருக்கமாகச் சொன்னாலே இவ்வளவு வருகிறது.

மாகாண ஆளுநருக்கு அங்கே என்ன அதிகாரம்?

நியமனப் பதவி இல்லை, மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. 1995ல் இருந்து அப்படித்தான். நான்கு ஆண்டுப் பதவிக்காலம், தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் நிற்க முடியாது. தொழில் வளர்ச்சி, மாகாணச் சாலைகள், நலத்திட்டங்கள், தீயணைப்பு எல்லாம் அவர் கையில். ஆனால் பள்ளிக்கல்விக்குத் தனியாக ஒரு கல்வி அதிகாரியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், காவல்துறை பெரும்பாலும் மத்திய அரசிடம், பணமும் பெரிய அளவில் சியோலில் இருந்துதான் வரவேண்டும். அதனால் நல்ல ஆளுநர் என்று பெயர் எடுக்க வேண்டுமானால் சியோலில் கதவு திறக்க ஆள் இருக்க வேண்டும். கிம் கியோங் சூவுக்கு அந்த ஆள் அதிபரே. அவருடைய பலமும் அதுதான், வந்த வினையும் அதுதான் என்பது என் கருத்து, கீழே படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

எந்த ஊர்க்காரர், எப்படி அரசியலுக்கு வந்தார்?

1967ல் அதே மாகாணத்தின் கோசோங் என்ற கடலோரப் பகுதியில் பிறந்தவர். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். அவர் சேர்ந்தது 1986ல், அதாவது ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் நின்ற காலம், அடுத்த வருடமே நாடு முழுக்க ஜூன் போராட்டம் வெடித்தது. அந்தத் தலைமுறையில் போராட்டத்துக்குப் போய் சிறையைப் பார்த்தவர்கள் நிறைய, இவரும் அதில் ஒருவர். படிப்பு முடிந்ததும் மேடை ஏறவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளராக வேலை பார்த்தார். இது கொரியாவில் ஒரு முழுநேரத் தொழில்: கேள்வி தயாரிப்பது, அறிக்கை எழுதுவது, தொகுதி விவகாரம் பார்ப்பது எல்லாம் இந்த உதவியாளர்கள்தான். 2002ல் ரோ மூ ஹ்யுனின் அதிபர் தேர்தல் அணிக்குப் போனார், ரோ ஜெயித்ததும் அதிபர் மாளிகையான நீல மாளிகைக்குள் கூடவே போனார். கடைசியில் உரைகளைத் திட்டமிடும் செயலாளர் பொறுப்பு வரை வந்தார்.

"ரோவின் கடைசிச் செயலாளர்" என்று ஏன் சொல்கிறார்கள்?

2008 பிப்ரவரியில் பதவிக்காலம் முடிந்ததும் ரோ சியோலில் வீடு பார்க்கவில்லை, கிம்ஹே நகரத்தை ஒட்டிய போங்ஹா என்ற தன் சொந்தக் கிராமத்துக்கே திரும்பினார். கொரிய அதிபர்களில் அப்படிச் செய்தவர் அவர்தான் முதலில். அங்கே வாத்து விட்டு இயற்கை முறையில் நெல் பயிர் செய்வது, வந்து நிற்கும் சுற்றுலாக் கூட்டத்திடம் பேசுவது, சைக்கிள் ஓட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்தது. மாளிகையில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சியோலிலேயே தங்கிவிட, கூடவே கிராமத்துக்கு வந்த சிலரில் கிம் கியோங் சூ ஒருவர். அப்புறம் ஊழல் விசாரணை ரோவின் குடும்பத்தை நெருங்கியது. 2009 மே 23 அதிகாலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் இருந்து குதித்து ரோ இறந்துபோனார். அதற்குப் பிறகும் இவர் போங்ஹாவை விட்டுப் போகவில்லை, அங்கே அமைந்த அறக்கட்டளையில் வேலை பார்த்தார்.

போங்ஹாவில் ரோவோடு இருந்த இந்தப் பதினைந்து மாதம்தான் அவருடைய அரசியல் மூலதனம். ரோ மீது பாசம் வைத்திருக்கிற கொரியர்களுக்கு, கடைசி வரை பக்கத்தில் நின்றவன் என்ற அந்த ஒரு அடையாளம் எந்தப் பட்டத்தையும் விடப் பெரியது.

மூன் ஜே இன்னோடு என்ன தொடர்பு?

மூன் ஜே இன், 2017ல் அதிபரானவர், ரோவின் பழைய வழக்கறிஞர் கூட்டாளி, நீல மாளிகையில் ரோவுக்குத் தலைமைச் செயலாளர், இறப்புக்குப் பிறகு அந்த முகாமின் மூத்தவர். ரோ போனபின் "ரோ அணி" என்று இருந்தது மெல்ல மெல்ல "மூன் அணி" ஆனது, கிம் கியோங் சூ அந்த மாற்றத்தில் நடுநாயகமாக இருந்தார். 2012, 2017 இரண்டு அதிபர் தேர்தலிலும் மூனுக்குப் பக்கத்தில்தான். 2017 பிரசாரத்தில் செய்தித் தொடர்பாளர். மூன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியவேண்டுமானால் இவரைக் கேட்டால் போதும் என்று கொரியப் பத்திரிகைகள் எழுதும் அளவுக்கு நெருக்கம்.

தேர்தலில் எப்போதும் ஜெயித்தவரா?

இல்லை, முதல் இரண்டு முறையும் தோல்வி. 2012ல் கிம்ஹே தொகுதியில் நின்று, முன்னாள் ஆளுநர் கிம் டே ஹோவிடம் தோற்றார். 2014ல் ஆளுநர் தேர்தலில் ஹோங் ஜுன் ப்யோவிடம் நன்றாகவே அடி வாங்கினார், சுமார் 36 சதவீதம்தான் கிடைத்தது. 2016ல் கிம்ஹேயில் மறுபடி நின்றபோது எதிரே நிறுத்தப்பட்டவர் லீ மன் கி, கொரிய மல்யுத்தமான சிரும் விளையாட்டில் நாடே அறிந்த சாம்பியன். மல்யுத்தக்காரரை 62 சதவீத ஓட்டு வாங்கி மண்ணைக் கவ்வ வைத்தார்.

(கிம்ஹே என்றதும் நம் ஆட்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். பழைய கயா நாட்டின் தலைநகரம் இதுதான். அயுதா என்ற நாட்டில் இருந்து கடல் வழியாக வந்து சூரோ மன்னனை மணந்ததாகக் கதை சொல்லும் ஹோ ஹ்வாங் ஓக் அரசியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. அயுதா எது என்பதில் அயோத்திக்கும் தமிழ்நாட்டுக்கும் நடக்கும் இழுபறி தனிக்கதை, அதற்கு உறுதியான சான்று யாரிடமும் இல்லை. இங்கே வேண்டாம்.)

தெற்கு கியோங்சாங்கில் இவர் கட்சி ஜெயித்தது அவ்வளவு பெரிய விஷயமா?

ரொம்பப் பெரிய விஷயம். கொரியாவில் வட்டார ஓட்டு ஒரு இரும்புச் சுவர். தென்மேற்கில் இருக்கும் ஜொல்லா முற்போக்குக் கட்சிக்கு (கிம்மின் ஜனநாயகக் கட்சி இந்தப் பக்கம்), கிழக்கில் இருக்கும் கியோங்சாங் பழமைவாதக் கட்சிக்கு, பல பத்தாண்டுகளாக இதுதான் கணக்கு. ரோ மூ ஹ்யுனே கியோங்சாங் பக்கத்துப் பெருநகரமான பூசானில் நின்று நின்று தோற்று "முட்டாள் ரோ" என்ற செல்லப்பெயர் வாங்கினது இந்தச் சுவரில் முட்டித்தான். 2010ல் கிம் டூ க்வான் இந்த மாகாணத்தில் ஜெயித்தார், ரோவின் உள்துறை அமைச்சராக இருந்தவர், ஆனால் அவரும் சுயேச்சையாக நின்றுதான் ஜெயிக்க முடிந்தது. ஜனநாயகக் கட்சியின் பெயரிலேயே நின்று ஜெயித்த முதல் ஆள் கிம் கியோங் சூ. 2018 ஜூன் 13 அன்று ஓட்டு எண்ணிக்கை தொடங்கியபோது பின்தங்கியிருந்தார், இரவு நேரம் போகப்போகத்தான் முன்னுக்கு வந்தார், கடைசியில் 52.8 சதவீதம். தோற்றவர் 2012ல் இவரைத் தோற்கடித்த அதே கிம் டே ஹோ.

ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் பழமைவாத அதிபர் பார்க் கியுன் ஹே பதவி நீக்கம் செய்யப்பட்டு பழமைவாதக் கட்சி சிதறிக் கிடந்தது, தேர்தலுக்கு முந்தைய நாள்தான் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சிங்கப்பூரில் கை குலுக்கினார்கள், மூனின் செல்வாக்கு உச்சத்தில். பெருநகரம், மாகாணம் என்று இருந்த 17 இடத்தில் 14 ஜனநாயகக் கட்சிக்கு. பக்கத்துப் பெருநகரங்களான பூசானும் உல்சானும்கூட அவர்கள் கைக்கு வந்தன.

அவருக்கு முன்னால் இருந்த ஆளுநர்கள் எப்படி?

இந்த மாகாணத்து ஆளுநர் நாற்காலிக்கு ஒரு வியாதி உண்டு: உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சியோல் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிடும். கிம் ஹ்யோக் க்யூ 2003 டிசம்பரில் பதவியையும் கட்சியையும் விட்டுவிட்டு ரோவின் கட்சிக்குப் போனார். கிம் டே ஹோ 2010ல் பிரதமராக முன்மொழியப்பட்டு, நாடாளுமன்ற விசாரணையில் மாட்டிக்கொண்டு தானாகவே விலகினார். கிம் டூ க்வான் 2012ல் அதிபர் ஆசையில் பாதியில் ராஜினாமா.

அடுத்து வந்த ஹோங் ஜுன் ப்யோ செய்ததுதான் உச்சம். 2013ல் ஜின்ஜு நகரத்து அரசு மருத்துவமனையை மூடினார், 2015ல் பள்ளி இலவச உணவுக்கான நிதியை நிறுத்தினார். 2017ல் அதிபர் வேட்பாளரான பிறகும் ராஜினாமாவைக் கடைசி நாள் ஏப்ரல் 9 வரை இழுத்தடித்து, நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கடிதம் கொடுத்தார். தேர்தல் ஆணையத்துக்குத் தகவல் போவதற்குள் தேதி மாறிவிட்டது, எனவே இடைத்தேர்தல் கிடையாது. முப்பது லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் மாகாணம் ஒரு வருடத்துக்கு மேல் ஆளுநர் இல்லாமல் கிடந்தது. எதிர்க்கட்சிக்காரன் வந்துவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு நுணுக்கமாகக் கடிகாரம் பார்த்த ஆளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சரி, அவரைச் சிறைக்கு அனுப்பிய ட்ரூக்கிங் வழக்கு என்றால் என்ன?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

"ட்ரூக்கிங்" என்பது கிம் டோங் வோன் என்ற வலைப்பதிவரின் புனைபெயர். அரசியல், பொருளாதாரம் பற்றி எழுதிக் கூட்டம் சேர்த்தவர், அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கியோங்கோங்மோ. சியோலுக்கு வடக்கே பாஜு நகரத்தில் ஒரு பதிப்பகம் என்ற பெயரில் அலுவலகம். கொரியாவின் பெரிய இணையத் தளமான நேவரில் அப்போது செய்திக்குக் கீழே வரும் கருத்துகளில் விருப்பக்குறி அதிகம் விழுந்தது மேலே வரும். கொரியர்கள் செய்தி படிப்பதே பெரும்பாலும் நேவரில்தான், அதனால் மேலே நிற்கும் நாலைந்து கருத்துகள் ஊர் அபிப்பிராயம் மாதிரித் தோன்றும். இந்தக் குழு "கிங்கிராப்" என்ற நிரலை எழுதி, நிறையக் கணக்குகளை வைத்துக்கொண்டு, வேண்டிய கருத்துக்கு விருப்பம், வேண்டாததுக்கு எதிர்ப்பு என்று தானாகக் குத்த வைத்தது. நீதிமன்றம் கணக்கெடுத்தது சுமார் 76,000 செய்திகள், 8.8 கோடிக்கு மேல் சொடுக்குகள். 2017 தேர்தலுக்கு முன்னும் பின்னும் இது மூனுக்குச் சாதகமாக ஓடியது.

இதில் வேடிக்கை, வழக்கைத் தொடங்கி வைத்ததே மூனின் ஜனநாயகக் கட்சிதான். 2018 ஜனவரியில், பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் வட, தென் கொரிய ஒருங்கிணைந்த பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி பற்றிய செய்திக்குக் கீழே அரசைத் திட்டும் கருத்துகள் சந்தேகத்துக்கு இடமான வேகத்தில் மேலே ஏறின. பழமைவாதிகளின் வேலை என்று நினைத்துக் கட்சி புகார் கொடுத்தது. போலீஸ் போய்ப் பிடித்தால், பிடிபட்டது சொந்தக் கட்சி உறுப்பினர்கள்.

தன் ஆட்களே ஏன் அரசைத் திட்ட வேண்டும்?

பேரம் படியாததால். ட்ரூக்கிங் தன் குழுவில் இருந்த ஒரு வழக்கறிஞரை ஜப்பானின் ஒசாகாவில் கான்சல் ஜெனரலாகப் போடச் சொல்லிக் கிம் கியோங் சூவிடம் சிபாரிசு கேட்டார். கிம் மேலே அனுப்பினார், நடக்கவில்லை. அடுத்து செண்டாய் நகரத்துப் பதவி பற்றிய பேச்சு வந்தது, அதுவும் நடக்கவில்லை. கோபத்தில் நிரலைத் திருப்பி விட்டார்கள்.

கிம்முக்கு இதில் என்ன பங்கு? அவர் என்ன சொல்கிறார்?

அவர் சொல்வது: ட்ரூக்கிங்கைத் தெரியும், ஆதரவாளர் என்று பாஜு அலுவலகத்துக்குப் போனதும் உண்மை, ஆனால் நிரலைப் பற்றித் தெரியாது, யாரும் காட்டவும் இல்லை. இன்றுவரை இதே நிலைதான்.

நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டது வேறு. முதலாவது, கைப்பேசித் தகவல்கள். கிம் செய்தி இணைப்புகளை அனுப்பிப் பரப்பச் சொல்லி எழுதியதும், ட்ரூக்கிங் பக்கம் இருந்து கவனித்துக்கொள்கிறோம் என்று பதில் வந்ததும் கிடைத்தன. அரசியல்வாதி தன் ஆதரவாளரிடம் இணைப்பைப் பகிரச் சொல்வது குற்றமா என்றால் இல்லை, அது மட்டும் இருந்திருந்தால் வழக்கு நின்றிருக்காது என்றே தோன்றுகிறது. இரண்டாவதுதான் கழுத்தைப் பிடித்தது: 2016 நவம்பர் 9 மாலை கிம் பாஜு அலுவலகத்தில் இருந்தபோது, இரவு 8:07ல் இருந்து 8:23 வரை நிரலின் முன்மாதிரி ஓடியதற்கான கணினிப் பதிவு. அவருக்குக் காட்டத்தான் ஓட்டினார்கள் என்றது அரசுத் தரப்பு.

மேல்முறையீட்டில் வாதமெல்லாம் ஒரு கோழிக்கறிக் கடை ரசீதில் வந்து நின்றது. அன்று மாலை குழுவினர் 15 பேருக்கான தக்கல்பி வாங்கினார்கள். காரசாரமான மசாலாவில் புரட்டிய கோழி, பெரிய இரும்புத் தட்டில் மேசையிலேயே வேகும். கிம் வருவதற்கு முன்பே அவர்கள் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்களா, இல்லை பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் கிம்மோடு சேர்ந்து சாப்பிட்டார்களா? சேர்ந்து சாப்பிட்டிருந்தால் அந்த மாலையில் நிரல் விளக்கத்துக்கு நேரம் இருந்திருக்காது என்பது கிம் தரப்புக் கணக்கு. கடைக்காரரே கூண்டில் ஏறி, ரசீதில் இருக்கும் மேசை எண் பொட்டலத்துக்குப் போடும் எண், அது பார்சல்தான் என்று சாட்சி சொன்னார். நீதிமன்றம் அதைக் கேட்டுக்கொண்டது, ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகும் நேரம் இருந்தது, கணினிப் பதிவு பொய் சொல்லாது என்று தண்டனையை உறுதி செய்தது.

தீர்ப்புகளின் வரிசை என்ன?

2019 ஜனவரி 30, முதல் தீர்ப்பு. நேவரின் தொழிலுக்கு இடையூறு செய்த குற்றத்துக்கு 2 ஆண்டு சிறை, செண்டாய் பதவிப் பேச்சுக்குத் தேர்தல் சட்டத்தின் கீழ் 10 மாதம், அது நிறுத்திவைப்பு. நீதிமன்றத்திலேயே கைது. ஏப்ரல் 17ல் ஜாமீன், ஆளுநர் அலுவலகத்துக்குத் திரும்பினார், வழக்கும் ஆட்சியும் ஒருசேர ஓடின. 2020 நவம்பர் 6ல் மேல்முறையீட்டில் தேர்தல் சட்டக் குற்றச்சாட்டில் இருந்து விடுதலை, ஆனால் 2 ஆண்டு அப்படியே. 2021 ஜூலை 21ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சிறைத் தண்டனை இறுதியானால் பதவி தானாகப் போய்விடும் என்பது அங்கே சட்டம். அடுத்த வாரமே சாங்வான் சிறைக்குப் போனார்.

நீதிபதி பாரபட்சம் என்று கட்சி சொன்னதே?

சொன்னது. முதல் தீர்ப்பு எழுதிய நீதிபதி முன்னாள் தலைமை நீதிபதியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அந்தத் தலைமை நீதிபதி அதற்குச் சில நாள் முன்புதான் மூன் ஆட்சியில் கைதாகியிருந்தார், ஆக இது பழிவாங்கல் என்பது வாதம். ஆனால் அடுத்த இரண்டு நீதிமன்றங்களும் அதே 2 ஆண்டைத் தந்தன, மேல்முறையீட்டு அமர்வோ உச்ச நீதிமன்றமோ அந்த முதல் நீதிபதிக்குக் கடன்பட்டவர்கள் இல்லை. எனக்கு இந்த வாதம் எடுபடவில்லை.

இந்த வழக்கில் ஒருவர் இறந்துபோனதாகப் படித்தேன்.

ஆமாம், ரோ ஹோ சான். நீதிக் கட்சியின் தலைவர்களில் ஒருவர், தொழிற்சங்கப் பின்னணி, பேச்சில் நகைச்சுவைக்குப் பேர்போனவர். கியோங்கோங்மோவிடம் 4 கோடி வோன் வாங்கியதாக வந்த விசாரணையில், 2018 ஜூலை 23ல் தற்கொலை செய்துகொண்டார். பணம் வாங்கினேன், பிரதிபலனாக எதுவும் கேட்கவில்லை, முறையாகக் கணக்கில் காட்டாதது தவறு என்று கடிதம் எழுதி வைத்திருந்தார். இந்த வழக்குக்கென்றே தனியாகப் போடப்பட்ட சிறப்பு வழக்கறிஞர் தேடிக்கொண்டிருந்தது கிம்மின் பங்கை. அந்த வழியில் முதலில் போனது இந்த உயிர்.

ஆளுநராக உருப்படியாக ஏதாவது செய்தாரா?

செய்தார். இருந்த நாட்களில் பாதி நீதிமன்றத்தில் போனதைப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே என்றுகூடச் சொல்லலாம்.

பெரியது ரயில் பாதை. நாட்டின் நடுவில் இருக்கும் கிம்சோனில் இருந்து ஜின்ஜு வழியாகக் கப்பல் கட்டும் தீவான கோஜே வரை. பயணிகள் கூட்டம் போதாது, லாபம் வராது என்று சாத்தியக்கூறு ஆய்வில் திரும்பத் திரும்ப அடிபட்ட திட்டம். 2019 ஜனவரி 29 அன்று மூன் அரசு அந்த ஆய்வில் இருந்தே விலக்கு கொடுத்தது, மதிப்பு 4.7 லட்சம் கோடி வோன், முடிந்தால் சியோலில் இருந்து மூன்று மணி நேரத்துக்குள் கோஜே. அதிபருக்கு நெருக்கமானவர் ஆளுநராக இருந்தால் மாகாணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தேதியைக் கவனித்தீர்களா? மறுநாள்தான் அவரை நீதிமன்றத்தில் இருந்து நேரே சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்தது பூசான், உல்சான், தெற்கு கியோங்சாங் மூன்றையும் சேர்த்து ஒரே பெருநகர வட்டாரமாக்கும் யோசனை. சுமார் 80 லட்சம் மக்கள், சியோல் பகுதி எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்வதற்கு எதிராக ஒரு இரண்டாவது மையம். இதை விடாமல் தள்ளியவர் இவர்தான். 2022 ஏப்ரலில் சிறப்புக் கூட்டமைப்பாக அது பிறந்தபோது இவர் சிறையில். ஜூன் தேர்தலில் மூன்று இடத்திலும் பழமைவாதக் கட்சி ஜெயித்தது, இவருக்குப் பின் ஆளுநரான பார்க் வான் சூ இதைவிட பூசானோடு நிர்வாகரீதியாக இணைந்துவிடலாம் என்றார், கூட்டமைப்பு வேலை தொடங்கும் முன்பே கலைந்தது.

கொரோனா வந்த புதிதில், 2020 மார்ச்சில், நாட்டில் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் வோன் கொடுக்கலாம் என்று சொன்ன ஆளுநரும் இவர். அவ்வளவு கிடைக்கவில்லை. மே மாதம் அரசு கொடுத்தது குடும்பத்துக்கு அதிகபட்சம் 10 லட்சம். ஆனாலும் பணத்தை எல்லோருக்கும் கொடுக்கலாமா என்ற பேச்சையே நாட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர்களில் ஒருவர். அந்தப் பக்கம் கியோங்கி மாகாணத்து ஆளுநராக இருந்த லீ ஜே மியுங்கும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்.

மூனுக்கு அடுத்து அதிபரான பழமைவாதி யூன் சுக் யோல் ஏன் இவருக்கு மன்னிப்பு கொடுத்தார்?

2022 டிசம்பர் 28 மன்னிப்புப் பட்டியலின் நாயகன் இவர் இல்லை. முன்னாள் அதிபர் லீ மியுங் பாக், 17 ஆண்டு தண்டனையில் சுமார் 15 ஆண்டு மிச்சம் இருந்தது, அபராதமும் பாக்கி. அவரை விடுவதற்கு எதிர்த்தரப்பில் இருந்து ஒருவரைத் தராசின் இந்தத் தட்டில் வைக்க வேண்டியிருந்தது. கிம்முக்கு ஐந்து மாதம்கூட பாக்கி இல்லை. தன்னைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பட்டியல் வருவதற்கு முன்பே கையால் எழுதிக் கொடுத்திருந்தார். வெளியே வந்ததும், வேண்டாத பரிசை வலுக்கட்டாயமாகத் திணித்துவிட்டார்கள் என்றார். மிச்சத் தண்டனைதான் ரத்து, தேர்தலில் நிற்கும் உரிமை 2027 கடைசி வரை இல்லை. அந்த உரிமை 2024 ஆகஸ்ட் மன்னிப்பில்தான் திரும்பியது, அதற்கு யூனின் சொந்தக் கட்சித் தலைவராக இருந்த ஹான் டோங் ஹூனே எதிர்ப்புத் தெரிவித்தார்.

ரோவின் ஆட்கள் எல்லோருக்கும் ஏன் இதே கதி?

எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது, மூன் அதிபராகவே ஆனார். ஆனால் ஆளுநரான ரோவின் உதவியாளர்களை மட்டும் எடுத்தால் பட்டியல் நெருடுகிறது. லீ க்வாங் ஜே 2010ல் காங்வோன் ஆளுநரானார், 2011 ஜனவரியில் சட்டவிரோதப் பண வழக்கில் பதவி போனது. ஆன் ஹீ ஜுங் தெற்கு சுங்சோங்கில் இரண்டு முறை ஜெயித்தார், அடுத்த அதிபர் என்றே பேச்சு. 2018 மார்ச்சில் அவருடைய பெண் செயலாளர் தொலைக்காட்சியில் பாலியல் வன்முறைப் புகார் சொன்னார், உச்ச நீதிமன்றம் வரை போய் மூன்றரை ஆண்டு சிறை. பிறகு கிம். மூன்று வழக்கும் மூன்று விதம், ஒரே சதி என்று கட்டுவது அபத்தம், குறிப்பாக ஆன் விவகாரத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

2024க்குப் பிறகு?

பிரிட்டன், ஜெர்மனி என்று இருந்தவர், 2024 டிசம்பர் 3 இரவு யூன் ராணுவச் சட்டம் அறிவித்ததும் 5ஆம் தேதி நாடு திரும்பினார். 2025 மார்ச்சில் யூன் பதவி நீக்கத் தீர்ப்பு கோரி சியோல் மையத்தில் உண்ணாவிரதம் இருந்து, இரண்டு வாரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஏப்ரலில் அதிபர் வேட்பாளர் போட்டிக்கு அறிவித்த இடம் செஜோங், ரோ தலைநகரமாக்க நினைத்த ஊர். கட்சியின் உள்தேர்தலில் லீ ஜே மியுங் 89.77 சதவீதம், கியோங்கி ஆளுநர் கிம் டோங் யோன் 6.87, இவர் 3.36.

அந்த 3.36ல் எல்லாம் இருக்கிறது. ரோவுக்கு நெருக்கம், மூனுக்கு நெருக்கம், ஆனால் 2025ல் கட்சி லீ ஜே மியுங்கின் கையில். இரவல் செல்வாக்குக்குக் கெடு முடிந்துவிட்டது. சொந்தமாக ஒரு அணியை இவர் கட்டியதே இல்லை, கட்டவேண்டிய வருடங்கள் வழக்கிலும் சிறையிலும் போயின.

தோற்றபின் முறுக்கிக்கொள்ளவில்லை, லீயின் பிரசாரக் குழுவில் இணைத்தலைவராக வேலை செய்தார். லீ அதிபரானதும் 2025 ஜூனில் வட்டார வளர்ச்சிக்கான அதிபர் குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். நாட்டை ஐந்து பெரிய வட்டாரமும் மூன்று சிறப்பு மாகாணமுமாகப் பிரித்து வளர்ப்பது லீயின் திட்டம். பெயரை மாற்றிவிட்டுப் பார்த்தால், இவர் பூசான், உல்சானோடு சேர்ந்து செய்யப் பார்த்ததன் தேசிய வடிவம்தான்.

கிம் கியோங் சூ, கிம் டோங் யோன், கிம் மூன் சூ: மூவரும் ஆளுநர்கள்தானே, குழப்பமாக இருக்கிறது.

கிம் டோங் யோன், மூன் ஆட்சியில் நிதியமைச்சர், 2022ல் கியோங்கி ஆளுநரானவர், ஜனநாயகக் கட்சி. கிம் மூன் சூ, இளமையில் தொழிற்சங்கப் போராளி, பிறகு பழமைவாதக் கட்சி, 2006ல் இருந்து 2014 வரை கியோங்கி ஆளுநர், 2025 அதிபர் தேர்தலில் லீயிடம் தோற்றவர். லீயுமே முன்னாள் கியோங்கி ஆளுநர்தான். ட்ரூக்கிங்கின் உண்மைப் பெயரும் கிம்தான் என்பதை வேறு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம், வேறு வழியில்லை, முழுப்பெயராகவே படிக்க வேண்டியதுதான்.